தவறாகப் பிரித்ததில் பிறந்த தியாகு

2016 தொடக்கத்தில் டாடா நிறுவனம் ஒரு சின்ன காரைச் சந்தைக்குக் கொண்டுவரத் தயாராக இருந்தது. பெயர் ‘ஸிகா’ என்று முடிவாகி, அறிவிப்பும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தென் அமெரிக்காவில் ஸிகா வைரஸ் பரவி உலகச் செய்தியானது. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வித்தியாசம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கொசு பரப்பும் நோயின் பெயரில் வண்டி விற்க முடியுமா? இணையத்தில் மக்களிடமே பெயர் கேட்டு, கடைசியில் ‘டியாகோ’ என்று மாற்றினார்கள். இன்று சென்னையில் எந்த சிக்னலில் நின்றாலும் முன்னாலோ பக்கத்திலோ ஒரு டியாகோ நிற்கிறது.

போர்ச்சுகலில் அது பையன்களுக்கு வைக்கும் பெயர். அந்தப் பெயருடைய ஆள் தமிழ்க் கடற்கரைக்குப் புதியவரும் அல்ல. கார் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, வேறு உருவத்தில், இங்கே வந்து இறங்கிவிட்டார். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் உச்சரிப்பு. நாம் ‘டியாகோ’ என்கிறோம். லிஸ்பனில் ஒரு அம்மா மாடியிலிருந்து மகனைக் கூப்பிட்டால் நம் காதில் விழுவது ஏறக்குறைய ‘தியாகு’. போர்ச்சுகீசியத்தில் சொல்லின் கடைசியில் அழுத்தமில்லாமல் வரும் ‘ஓ’, ‘உ’ என்றுதான் ஒலிக்கும். அழுத்தம் முழுவதும் நடுவிலுள்ள ‘யா’வில் விழும். பிரேசில்காரர்கள் வாயில் முதல் எழுத்து இன்னும் திரிந்து ‘ச்சியாகு’ என்று வரும். தியாகு என்றதும் நமக்குத் தியாகராஜன்கள் நினைவுக்கு வருவார்கள். தியாகத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் தியாகுவுக்கு நேராகக் ‘குதிகாலைப் பிடித்தவன்’ என்றோ ‘பிறர் இடத்தைப் பறித்தவன்’ என்றோ ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும். அது தியாகுவுக்கு மூலமான யாக்கோபு என்ற பெயரின் பொருள். தியாகு என்ற சொல்லைத் தனியே எடுத்துக் கேட்டால் அதற்குப் பொருளே கிடையாது. அது வெட்டுப்பட்ட ஒரு சொல்லின் வால். வெட்டும் சரியான இடத்தில் விழவில்லை.

எப்படி என்று பார்ப்போம். போர்ச்சுகீசியத்தில் புனிதர் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிக்கு, நம் புணர்ச்சி விதி மாதிரி ஒரு விதி உண்டு. பெயர் மெய்யொலியில் தொடங்கினால் ‘சாவோ’: சாவோ பாவுலோ என்று நாம் அறிந்த நகரத்தின் பெயர் ‘புனித பவுல்’தான். பெயர் உயிரொலியில் தொடங்கினால் ‘சாந்து’: நம் அந்தோணியார் அங்கே சாந்து அந்தோனியு. யாக்கோபுவின் பெயர் அந்த மண்ணில் தேய்ந்து ‘இயாகு’ ஆகியிருந்தது. உயிரில் தொடங்கும் பெயர்; ஆகவே சாந்து சேர்ந்தது. சாந்து கூட்டல் இயாகு, சாந்தியாகு. நம் குற்றியலுகரம் உயிர் வந்ததும் ஓடுவதைப்போல இங்கேயும் உகரம் ஓடிவிட்டது.

இப்போது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயியின் காதிலிருந்து யோசியுங்கள். சாந்தியாகு, சாந்தியாகு என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர். நடுவிலுள்ள தகரம் யாருக்குச் சொந்தம்? அடைமொழிக்கா, பெயருக்கா? அடைமொழிக்குத்தான் சொந்தம். மக்களோ அதைப் பெயருக்குத் தாரை வார்த்தார்கள். சாவோ பெத்ரு, சாவோ பாவுலு என்பதுபோல இதையும் சாவோ தியாகு என்று பிரித்தார்கள். அடைமொழியைக் கழற்றிப் பையனுக்குப் பெயர் வைத்தபோது தகரமும் கூடவே வந்துவிட்டது.

இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை கிடையாது. ‘தேநீர்’ என்பது தே கூட்டல் நீர். தேயிலையில் வரும் அதே தே. ஊரிலுள்ள பாதிக் கடைப் பலகைகளில் ‘தேனீர்’ என்றுதான் எழுதியிருக்கும். ஓர் எழுத்து மாறியதில் தேயிலைத் தண்ணீர் தேன் தண்ணீர் ஆகிவிட்டது. காது கேட்பது ஒரே ஒலியை. எங்கே வெட்டுவது என்பது கேட்பவர் முடிவு. தேனீரை இன்னும் தமிழாசிரியர்கள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். தியாகுவை யாரும் திருத்தவில்லை; அது பிறப்புச் சான்றிதழில் ஏறிவிட்டது.

சரி, அந்த ‘இயாகு’ எங்கிருந்து வந்தது? விவிலியத்தின் ஆதியாகமத்தில் ஈசாக்குக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான் என்கிறது கதை. எபிரேயத்தில் குதிகாலுக்கு ‘ஆகேவ்’, பிள்ளைக்கு ‘யாக்கோவ்’. பிற்பாடு தம்பி ஆசீர்வாதத்தைத் தட்டிப் பறித்ததும் ஏசா, இவனுக்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்தார்கள் என்று வயிறெரிந்து சொல்கிறான். ‘பறித்தவன்’ என்ற பொருள் அந்த வயிற்றெரிச்சலில் இருந்து வந்தது. மொழியறிஞர்கள் பலர் இதை ஏற்பதில்லை. ‘கடவுள் காப்பாராக’ என்ற பொருளில் பழைய செமித்தியப் பெயர்கள் இதே வேரில் உண்டு. யாக்கோவும் அவற்றில் ஒன்றின் சுருக்கம், குதிகால் கதை பெயருக்காகப் பின்னால் கட்டியது என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஊர்ப் பெயர்களுக்கு நாம் சொல்லும் தலபுராணக் கதைகளும் பெரும்பாலும் இப்படிக் கட்டியவைதானே.

எபிரேய யாக்கோவ் கிரேக்கத்தில் யாக்கோபோஸ் ஆனார், இலத்தீனில் யாக்கோபுஸ். பேச்சு இலத்தீனில் ‘யாக்கோமுஸ்’ என்று பகரம் மகரமான ஒரு வடிவமும் இருந்தது. அந்தக் கிளையில் வந்தவர்கள்தான் ஆங்கில ஜேம்ஸும் இத்தாலிய ஜாக்கோமோவும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கில் பகரம் உதிர்ந்தது, ககரம் மென்மையானது, இயாகு மிஞ்சியது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஆங்கில பைபிளில் ஆதியாகமத்துப் பாட்டனார் ஜேக்கப், இயேசுவின் சீடர் ஜேம்ஸ். இரண்டும் ஒரே பெயர் என்று படிப்பவருக்குத் தோன்றவே வழியில்லை. போர்ச்சுகீசிய பைபிளிலும் அப்படித்தான்: முன்னவர் ஜாக்கோ, பின்னவர் தியாகு. தமிழ் பைபிளில் இருவருமே யாக்கோபு. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்தான் ஒழுங்கு. நம் தெருவில் இந்தப் பெயர் இன்னும் எத்தனை வேடத்தில் நடமாடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: முஸ்லிம் வீட்டில் யாகூப், பள்ளியில் ஜேம்ஸ் சார், பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த சாக்கோ சேட்டன். எல்லோரும் ஒரே பெயர்க்காரர்கள்.

போர்ச்சுகல் கொண்டாடும் தியாகு சீடர்தான், பாட்டனார் அல்ல. செபதேயுவின் மகன், யோவானின் அண்ணன், கலிலேயா ஏரியில் வலை வீசியவர். இரண்டு சகோதரர்களுக்கும் ‘இடியின் மக்கள்’ என்று இயேசு பட்டப்பெயர் வைத்தார் என்கிறது மாற்கு நற்செய்தி; முன்கோபக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். கி.பி. 44 வாக்கில் ஏரோது அகிரிப்பா அவரை வாளால் கொல்வித்தான். சீடர்களின் முடிவைப் பற்றி மரபுக் கதைகள் பல உண்டு; யூதாசை விட்டால், விவிலியமே சாவைச் சொல்லும் சீடர் இவர் ஒருவர்தான்.

எருசலேமில் வெட்டுண்டவர் ஸ்பெயினின் வடமேற்கு மூலைக்கு எப்படி வந்தார் என்பது மரபுக் கதை: சீடர்கள் உடலைப் படகில் ஏற்றிக் கலீசியாவுக்குக் கொண்டுவந்தார்களாம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெயோதெமிரோ என்ற ஆயர் அங்கே ஒரு கல்லறையைச் சீடருடையது என்று அறிவித்தார். அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் சாந்தியாகோ தே கம்போஸ்தெலா. இதற்குப் பிறகுதான் மீனவர் குதிரை ஏறுகிறார். 844இல் கிளாவிகோ என்ற இடத்தில் வெள்ளைக் குதிரையில் தோன்றி முஸ்லிம் படையை வெட்டி வீழ்த்தினார் என்று பிற்காலத்தில் கதை கட்டினார்கள். அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. கதைக்கு அது தடையாக இல்லை. வாளால் செத்தவர் கையில் வாளைக் கொடுத்து, ‘மூர்களைக் கொல்பவர்’ என்று பட்டமும் கட்டிவிட்டார்கள். மூர்கள் என்றால் அந்தக் கால ஸ்பெயினின் முஸ்லிம்கள்.

கலீசியா போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே. இடையில் மினோ ஆறு. இடைக்காலத்தில் ஆற்றின் இரு கரையிலும் பேசியது ஒரே மொழி. ஆகவே போர்ச்சுகீசியருக்குக் கம்போஸ்தெலா பக்கத்து ஊர்க் கோயில் மாதிரி. போர்ச்சுகலின் போர்த்து நகரிலிருந்து கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். இன்றும் அந்த வழியில் பையில் யாத்திரைச் சின்னமான சிப்பி ஓட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். 1325இல் கணவர் தினிஸ் மன்னர் இறந்த பிறகு போர்ச்சுகல் அரசி இசபெல் அங்கே யாத்திரை போனார். கோயிம்பிராவில் அவருடைய கல்லறைச் சிற்பத்தைப் பார்த்தால் அரசிக்கு யாத்திரைக் கோல் வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள்.

பக்தி ஒருபுறம், படை மறுபுறம். 1170இல் சாந்தியாகுவின் பெயரில் வீரத்துறவியர் அமைப்பு ஒன்று ஸ்பெயினில் தொடங்கியது. சின்னம், அடிப்பகுதி வாளாகக் கூர்ந்த சிவப்புச் சிலுவை. போர்ச்சுகல் கிளைக்கு லிஸ்பனுக்குத் தெற்கே பால்மேலா கோட்டை தலைமையிடமாயிற்று. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமா இந்த அமைப்பின் வீரர். கப்பல் பாய்களில் நாம் படங்களில் பார்க்கும் சிலுவை வேறொரு அமைப்புக்கு, கிறிஸ்துவின் அமைப்புக்கு உரியது. அதில் அவர் பின்னால்தான் சேர்ந்தார். சாந்தியாகு அமைப்பு இன்று போர்ச்சுகல் அரசின் விருதாக, இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றுக்கு வழங்கப்படுகிறது. அதன் உயர்ந்த கழுத்தணியைப் பெற்றவர்களில் ஒருவர், கடைசிவரை கடவுளை ஏற்காத கம்யூனிஸ்ட் எழுத்தாளர் ஜோசே சரமாகு. இந்த விருதின் அதிகாரப்பூர்வப் பெயரை இன்றும் ‘சாந்த்’ தனியாக, ‘இயாகு’ தனியாக, நடுவில் ஒரு மேற்கோள் குறி போட்டுத்தான் எழுதுகிறார்கள். மக்கள் தவறாக வெட்டிய தையல், அரசு முத்திரையில் மட்டும் சரியான இடத்தில் இருக்கிறது.

இவ்வளவு புகழ் இருந்தும் ஒரு விசித்திரம். போர்ச்சுகலின் பெரிய கடலோடிகள், ஆளுநர்கள், வரலாற்றாசிரியர்கள் பட்டியலில் தியாகுவைத் தேடினால் கண்ணில் படுவது அரிது. தியோகு என்ற இன்னொரு பெயர்க்காரர்கள்தான் வரிசைகட்டி நிற்பார்கள். 1480களில் காங்கோ ஆற்று முகத்துவாரத்தை அடைந்த தியோகு காவோ, 1509இல் மலாக்காவுக்குப் போன தியோகு லோப்பஸ் தெ செக்கேய்ரா, கோவாவில் இருந்து வரலாறு எழுதிய தியோகு தொ கோத்து. புனிதராக வணங்கும் பெயரை அப்படியே பிள்ளைக்கு வைக்கத் தயங்கினார்களோ என்னவோ. அரசியலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ‘சாந்தியாகு!’ என்பது போர்க்களத்தில் கஸ்தீலியரின், அதாவது ஸ்பெயின் பக்கத்து அரசுப் படையினரின், முழக்கம். அவர்களோடு போர்ச்சுகல் 1385இல் அல்ஜுபரோத்தாவில் மோதியபோது இரு தரப்பும் ஒரே புனிதரைக் கூப்பிட்டால் அவர் யார் பக்கம் போவார்? போர்ச்சுகீசியர் ‘சாவோ ஜோர்ஜ்!’ என்று முழங்கினார்கள். அவர்களோடு நின்று சண்டையிட்ட ஆங்கில வில்லாளிகளுக்கும் ஜார்ஜ்தான் காவலர்.

இந்தத் தியோகுவும் தியாகுவின் உடன்பிறப்பா? சான் தியாகோ தேய்ந்து தியேகோவும் தியோகுவும் வந்தன என்பது நெடுநாள் நம்பிக்கை. ஆனால் பழைய இலத்தீன் ஆவணங்களில் தியோகுகளை ‘திதாக்குஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது தனி வேராகவும் இருக்கலாம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் நம் சீடரின் பெயரில் அமைந்தது அல்ல; அல்கலாவைச் சேர்ந்த திதாக்குஸ் என்ற 15ஆம் நூற்றாண்டுத் துறவியின் பெயரில் அமைந்தது. 2025 ஜூலையில் கார் விபத்தில் இறந்த போர்ச்சுகல் கால்பந்து வீரர் தியோகு ஜோட்டாவைப் பற்றிய செய்தியில் நம் பத்திரிகைகள் டியோகோ, டியாகோ, டியேகோ என்று மூன்று விதமாகவும் எழுதியதைப் பார்த்தேன். மூன்றும் மூன்று பெயர்கள். ஜோட்டா என்பது ‘ஜே’ எழுத்துக்குப் போர்ச்சுகீசியப் பெயர், கிட்டத்தட்ட நம் இனிஷியல் போல.

இனிஷியல் என்றதும் இன்னொன்று. பெர்னாந்து மகன் பெர்னாந்தஸ், ரொத்ரிகு மகன் ரொத்ரிகஸ், தியோகு மகன் தியாஸ். அப்பா பெயர் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, பிறகு தலைமுறை மாறினாலும் மாறாத குடும்பப் பெயராக உறைந்தது. தியாஸைத்தான் நாம் ஆங்கில வாய்ப்படி ‘டயஸ்’ என்கிறோம். 1488இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிய பர்த்தொலொமேயு டயஸுக்கும் தூத்துக்குடிப் பக்கத்து டயஸ் குடும்பங்களுக்கும் ரத்த உறவு தேட வேண்டாம். முத்துக்குளித்துறையில் 1530களில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அந்தப் பெயர்கள் போர்ச்சுகீசிய ஞானத்தகப்பன் வழியில் கிடைத்தவை.

தியாகு ஆட்பெயராகக் கொடிகட்டிப் பறந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பிரேசிலில் 1980களில் பிறந்த ஒரு தலைமுறையே தியாகுகள். அங்கே பலர் ‘டி’க்குப் பிறகு ஒரு ‘எச்’ சேர்த்து எழுதுவார்கள். நம் ஊரில் நியூமராலஜி பார்த்து எழுத்து கூட்டுவதுபோலத்தான் எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் எபிரேயத்திலோ கிரேக்கத்திலோ இலத்தீனிலோ அந்த எச்சுக்கு இடமே இல்லை. அந்தத் ‘டி’யே அடைமொழியிடம் திருடியது; அதற்கு எச் வேறா! போர்ச்சுகல் 1911 எழுத்துச் சீர்திருத்தத்திலேயே இந்த மாதிரி எச்சுகளைக் களைந்துவிட்டது. பெயர் வைப்பதிலும் அந்நாடு கறார்: முன்பெயர் இரண்டு, குடும்பப் பெயர் நான்கு, மொத்தம் ஆறு சொல்லுக்கு மேல் போகக்கூடாது, எந்தப் பெயர் செல்லும், எது செல்லாது என்று பதிவுத் துறை பட்டியலே வைத்திருக்கிறது. அண்மைக் காலத்தில் தகரத்தை வெட்டாமல் முழுதாகச் ‘சாந்தியாகு’ என்றே பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அங்கே பெருகியிருக்கிறது.

தமிழுக்கு வந்தது அந்த முழு வடிவம்தான்: சந்தியாகு. அடைமொழியும் பெயரும் ஒட்டிய நிலையில், கடைசி உகரம் உட்பட. மரியாதைக்கு ‘அப்பர்’ சேர்த்தால் சந்தியாகப்பர். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது. ஜூலை மாதத் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். மூர்களைக் கொல்பவர் என்று ஸ்பெயினில் பட்டம் பெற்றவரின் கொடியேற்றத்துக்கு முஸ்லிம் வீட்டார் வந்து நிற்பதைக் கம்போஸ்தெலாக்காரர்கள் பார்க்க வேண்டும். குதிரை மேல் வாளோடு வரும் சந்தியாகப்பர் சொரூபம், ஊர் எல்லையில் ஐயனாரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்நியமாகப் பட்டிருக்காது. வலைக்காரர்களுக்கோ அவர் தொழில்காரர்.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் சுவாரசியம். யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது. யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையில் கிளாலி என்ற ஊரில் இதே சீடருக்குக் கோயில். 1990களின் போர்க்காலத்தில் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் கடந்த அதே கிளாலிதான். அந்தக் கோயிலின் புனிதர்மேல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் ஓர் அம்மானை பாடினார். பெயர் ‘சந்தியோகுமையோர் அம்மானை’.

முதன்முதலில் இந்தத் தலைப்பைப் பார்த்தபோது, முன்னோர், சான்றோர் என்பதுபோல இதுவும் ஏதோ பன்மை, ‘மையோர்’ என்று ஒரு கூட்டம் என நினைத்தேன். இல்லை. சீடர்களில் யாக்கோபுகள் இருவர். அடையாளத்துக்காக ஒருவரைப் பெரியவர் என்றும் மற்றவரைச் சிறியவர் என்றும் திருச்சபை பிரித்தது. பெரியவர் போர்ச்சுகீசியத்தில் ‘மயோர்’. சாந்தியாகு மயோர் என்பதைத்தான் யாழ்ப்பாணத்துக் காது சந்தியோகுமையோர் என்று ஒரே சொல்லாகக் கேட்டு, அப்படியே செய்யுளில் ஏற்றிவிட்டது. புனிதர் என்ற அடைமொழி, யாக்கோபு என்ற பெயர், பெரியவர் என்ற பட்டம், மூன்றும் ஒட்டிய ஒரு சொல். அது போதாதென்று அதற்கு முன்னால் நாம் ‘புனித’ வேறு சேர்க்கிறோம். ‘சந்’ என்றாலே புனித என்பதுதானே, நடுசென்டர் என்பதுபோல.

லிஸ்பன்காரர்கள் பல தலைமுறை எடுத்துச் செய்த வெட்டை நம் பையன்கள் ஒரே பிரேக் நேரத்தில் செய்துவிடுவார்கள். சந்தியாகு என்று பெயர் உள்ளவனை நண்பர்கள் எப்படிச் சுருக்குவார்கள்? இயாகு என்று எவனும் கூப்பிட மாட்டான். ‘டேய் தியாகு’ என்பார்கள். அதே வகுப்பில் திருவாரூர்த் தியாகராஜர் பெயரில் இன்னொரு தியாகு இருந்துவிட்டால், வாத்தியார் இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.